புகை தள்ளிய மாசி பெர்குசன் 1035-ஐ ஏன் வாங்கினோம்: பழைய டிராக்டர் பார்த்த அனுபவம்

எங்கள் காடு ஏழு ஏக்கர், சேலம் மாவட்டம் தலைவாசல் ஊர்ப் பக்கம். பாதி செம்மண், மீதி கரிசல் கலந்தது. மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி என்று மாறி மாறிப் போகும். இத்தனை வருடமும் உழவுக்கு வாடகை வண்டிதான். சொந்த டிராக்டர் வேண்டுமா என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் எடுத்தேன்.

ஏக்கருக்கு ஒரு போகத்தில் ஒன்பது கலப்பை (ஒன்பது கொழு உள்ளது) இரண்டு சால், ரொட்டாவேட்டர் ஒரு சால் என்றால் மூன்று மணி நேரம் ஓடும். இரண்டு போகத்துக்கு 42 மணி. எரு அடிக்க, அறுவடையை வீட்டுக்குக் கொண்டுவர என்று மேலே கொஞ்சம் சேர்த்தால் வருடத்துக்கு 60 மணி வரும். எங்கள் பக்கம் மணிக்கு 1,100 ரூபாய் வாங்குகிறார்கள். ஆக 66,000. அதே 60 மணிக்கு சொந்த வண்டி மணிக்கு நாலு லிட்டர் டீசல் குடித்தாலும் 22,000 ரூபாய்தான். பராமரிப்புக்குப் பத்தாயிரம் ஒதுக்கினால் மிச்சம் 34,000. மூன்று லட்சம் போட்டு வாங்கினால் முதல் எடுக்க ஒன்பது வருடம் ஆகும், அதுவும் வட்டியைச் சேர்க்காமல்.

காசுக் கணக்கு மட்டும் பார்த்தால் வாடகை வண்டியே போதும். வேளாண் பொறியியல் துறை வண்டி அதைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் மழை பெய்து மண் பதத்துக்கு வருகிற அந்த இரண்டு மூன்று நாளில் ஊரே ஒரே வண்டிக்காகக் காத்திருக்கும். கரிசலில் ஒரு நாள் முந்தினால் கலப்பையில் மண் அப்பும், இரண்டு நாள் பிந்தினால் கட்டி கட்டியாகப் பெயரும். பதம் தவறிய உழவுக்கு மேலே இன்னும் இரண்டு சால் ஓட்ட வேண்டியிருக்கும், முளைப்பும் திட்டுத் திட்டாக வரும். நாங்கள் வண்டி தேடியது அந்த இரண்டு நாளுக்காக. அதனால் புது வண்டிக்கு ஏழெட்டு லட்சம் கடன் என்ற பேச்சே எழவில்லை. வருடத்தில் 60 மணி ஓடினால் போதும், பதம் வந்த அன்று கிளம்ப வேண்டும், பழுதானால் ஆத்தூரில் சாமான் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகிந்திரா, சுவராஜ் என்று சிலதைப் பார்த்தோம். கடைசியில் மாசி பெர்குசன் 1035 என்று முடிவு செய்தோம். 36 குதிரைத் திறன், மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், முன்னால் ஆறு கியர், பின்னால் இரண்டு. எங்கள் ஒன்பது கலப்பைக்கு இது போதும். அதைவிட முக்கியம், எந்தச் சின்ன ஊர் ஸ்பேர் கடையிலும் இதன் சாமான் தொங்கும், பிரித்துப் பழகாத மெக்கானிக்கும் இல்லை.

புரோக்கர் முதலில் காட்டியது டெல்டாப் பக்கம் நின்ற வண்டி. புது சிவப்புப் பெயின்ட், புது சீட், பின்னால் புது டயர். சாவி திருப்பியதும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, சத்தமும் சுத்தம். 2,60,000 கேட்டார்கள். "இன்ஜின்ல போன வருஷம்தாங்க வேலை பார்த்தோம், இனி பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் வண்டிக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை, இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் இன்ஜின் பக்கமே போகவில்லை. பின்சக்கர ரிம்மைத் தடவிப் பார்த்தார். போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட்டுக்கு அடியில் பள்ளம் பள்ளமாகத் தேய்மானம். சேற்றுழவுக்குப் போடும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலை மாட்டிக் கழற்றிய தடம் அது. நெல் வயலில் வருடக்கணக்காகச் சேற்றுழவு ஓட்டிய வண்டி. சேற்றுழவு ஓட்டுவது குற்றமில்லை, அந்த ஊரில் டிராக்டர் வேறு எதற்கு? ஆனால் அச்சு முங்குகிற அளவு சேற்றில் நாள் முழுக்க நின்றால் ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போயிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை எளிது. வண்டி ராத்திரி முழுக்க நின்றிருக்க வேண்டும், காலையில் யாரும் ஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. பின்பக்கம் அடியில் உள்ள, ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, ராத்திரியோடு கீழே இறங்கி நிற்கும், அதனால் அதுதான் முதலில் வரும். அன்று அப்படித்தான் வந்தது. கை நனைகிற அளவுக்குக் கலங்கல் தண்ணீர், பிறகு டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஆயில். அண்ணன் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து என் கையிலும் கொஞ்சம் வைத்தார். நறநறவென்று மண் தட்டுப்பட்டது.

இந்த வண்டியில் இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். கியர் பாக்ஸ், டிபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், முப்பது லிட்டருக்கும் மேல் பிடிக்கும். கலப்பையைத் தூக்கும் லிப்ட் பம்ப்பே அந்த ஆயிலுக்குள் முங்கித்தான் கிடக்கிறது, பின்னால் மாட்டும் மெஷின்களைச் சுற்றும் பி.டி.ஓ. ஷாப்ட்தான் அதையும் சுற்றுகிறது. ஆயிலில் சேறு கலந்தால் அதே சேற்றைத்தான் பம்ப் உறிஞ்சும், அதே சேறுதான் கியர் பல்லிலும் பேரிங்கிலும் அரைபடும். பம்ப்பைத் தொட வேண்டுமானால் சீட்டுக்கு அடியில் லிப்ட் கவரைத் தூக்க வேண்டும். கியருக்குப் போக வேண்டுமானால் வண்டியையே நடுவில் பிரித்து இரண்டாக நிறுத்த வேண்டும். உள்ளே என்ன போயிருக்கிறது, எவ்வளவு செலவாகும் என்று பிரிக்கிறவரை எவனும் சொல்ல முடியாது.

இன்ஜின் அப்படியில்லை. அதன் நோய் வெளியிலேயே தெரியும், மருந்துக்கு விலைப்பட்டியல் உண்டு. லைனர், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட் இவ்வளவு, கிராங்க் வேலை இவ்வளவு, ஹெட் இவ்வளவு என்று எந்த மெக்கானிக்கும் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு அன்றிலிருந்து வேடிக்கையாகத்தான் தெரிகிறது. அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

நடுவில் ஒன்று வந்தது. வண்டி சுமார், விலை மலிவு, ஆனால் ஆர்.சி. புக் இறந்துபோன ஒருவர் பெயரில். வாரிசு யாராவது படிவம் 31 போட்டு முதலில் தன் பெயருக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் நமக்கு விற்க முடியும். அவருக்கோ நாலு பிள்ளைகள், நாலு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வண்டியைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

கடைசியாக வாங்கியது சின்னசேலம் பக்கத்து வண்டி. 2007 பதிவு. பார்வைக்கு எதுவும் இல்லை. பானட் சிவப்பு வெளுத்து ஆரஞ்சு ஆகியிருந்தது, ஒரு ஹெட்லைட் இல்லை, சீட்டுக்குப் பதிலாகச் சாக்கு. 2,40,000 கேட்டார்.

முதல் தடவை போனபோது ஸ்டார்ட் செய்து தயாராக நிறுத்தியிருந்தார்கள். ரேடியேட்டரைத் தொட்டேன், சூடு. சூடாக இருந்தால் எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான். அதனால் சொல்லாமல் இன்னொரு நாள் விடிகாலையில் போய் நின்றோம். அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. செல்ப் மோட்டார் நெடுநேரம் சுற்றியது. பிடித்ததும் வெள்ளையும் நீலமும் கலந்த புகை, கொட்டாய் முழுக்க. வெள்ளை எரியாத டீசல், அதாவது கம்ப்ரஷன் குறைவு. நீலம் ஆயில் எரிவது, ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அப்படியே மேலே வைத்தோம், மூடி குதித்தது. பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் அழுத்தம், அந்த அளவுக்கு. இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே சாய்ந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கும் விடை கிடைத்தது. ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். செம்புழுதி விரலோடு வந்தது. கிளீனரைத் தாண்டிய பிறகு புழுதியே இருக்கக் கூடாது. குழாயின் கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு, அதன் வழியாக வருடக்கணக்காக இன்ஜின் மண்ணைத் தின்றிருக்கிறது. பழைய வண்டி எதைப் பார்க்கப் போனாலும் இந்த ஒரு குழாயைக் கழற்றிப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு ஸ்குரூடிரைவர் போதும். வைத்திருந்தவர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அதே சமயம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் குமிழி இல்லை, தண்ணீர் மேல் ஆயில் படலம் இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்ததே தவிரப் பால் கலங்கல் இல்லை. ஹெட் கேஸ்கெட் நிற்கிறது, பிளாக்கில் வெடிப்பும் இருக்காது. ஆக இது செட் வேலை, கிராங்க் வேலை. அண்ணன் அங்கேயே மண்ணில் குச்சியால் எழுதிக் கூட்டி ஐம்பதாயிரத்துக்குள் முடியும் என்றார்.

பிறகு பின்பக்கம். டிரெயின் பிளக்கைத் தளர்த்தினோம். முதல் சொட்டே ஆயில். பழைய ஆயில்தான், ஆனால் சுத்தம். வெயிலில் பிடித்துப் பார்த்தோம், இரும்புத் தூள் மினுக்கவில்லை. ரிம்மில் கேஜ் வீல் தடம் கிடையாது. இந்தக் காடுகளில் கலப்பையைத் தவிர வேறு எதுவும் அதிகம் பார்க்காத வண்டி. ஹவர் மீட்டரின் கேபிள் எப்போதோ அறுந்து முள் நின்றுவிட்டதால் அதை நாங்கள் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாகத் தேய்மானம் எங்கே என்று பார்த்தால் வண்டியின் கதை தெரியும். டிரெய்லர் பின் மாட்டும் ஓட்டை வட்டமாகவே இருந்தது, மணல் செங்கல் என்று லோடு இழுத்த வண்டியானால் அது முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கும். பி.டி.ஓ. ஷாப்ட்டின் ஆறு பல்லும் விளிம்பு மழுங்காமல் இருந்தன, கதிரடிக்கும் மெஷினுக்கு அதிகம் போகவில்லை. கீழ் லிங்க் உருண்டைகளில்தான் நல்ல தேய்மானம். உழவு வண்டிக்கு அது இயல்பு.

லிப்ட்டைச் சோதித்ததுதான் அன்றைய பெரிய வேலை. கலப்பை மாட்டாமல் லிப்ட்டின் கையை மட்டும் தூக்கிக் காட்டினால் நம்பக் கூடாது. அவர்களுடைய ஒன்பது கலப்பையை மாட்டி, மேலே மண் மூட்டை கட்டித் தூக்கினோம். யாரும் ஏறி நிற்கவோ அடியில் போகவோ வேண்டாம் என்று அண்ணன் முதலிலேயே கத்திவிட்டார். தூக்கிய உயரத்தில் ஒரு செங்கல் அடுக்கை வைத்து அடையாளம் செய்துவிட்டு இன்ஜினை நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு விரல் கூட இறங்கவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம். உள்ளே கசிவு இருந்தால் கலப்பை கொஞ்சம் இறங்கும், பம்ப் அதைத் தூக்கும், மறுபடி இறங்கும், இப்படித் தலையாட்டிக்கொண்டே இருக்கும். இது அசையாமல் நின்றது. லிவரைப் பாதியில் வைத்தால் பாதியில் நின்றது, கால்வாசியில் வைத்தால் கால்வாசியில். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் இருக்கிற பெரிய ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் அசைத்தோம், ஆட்டம் இல்லை. கலப்பை மண்ணில் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஹைட்ராலிக்குக்குச் சொல்வது அந்த ஸ்பிரிங்தான், அது ஆடினால் உழவு ஆழம் ஒரே சீராக வராது.

அப்புறம் ஓட்டினோம். பக்கத்தில் ஓடைக்கு இறங்கும் சரிவு இருந்தது, நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு கியரிலும் சரிவில் இறக்கி ஆக்சிலேட்டரைக் குறைத்தால் தேய்ந்த கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வரும். ஹை–லோ இரண்டிலும் பார்த்தோம், எதுவும் நழுவவில்லை. பிரேக் இடது பக்கம் மட்டும் பிடிக்கவில்லை. சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிவு இல்லாததால் சீல் போகவில்லை, லைனிங்தான் தேய்ந்திருக்கிறது என்று முடிவு செய்தோம். முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால், சக்கரம் திரும்புவதற்கான கிங்பின் இரண்டும் லொடலொட. ஸ்டீரிங்கில் நாலு விரல் பிளே. இதெல்லாம் காசு, பயமில்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. "போன வருஷம் போட்ட டயருங்க" என்றார். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 2318. அதாவது 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். நான் எண்ணைக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். பல் பாதி இருக்கிறது, எங்கள் 60 மணிக்கு இன்னும் சில வருடம் வரும், ஆனால் விலை பேசும்போது அந்தச் சிரிப்பு உதவியது.

இன்ஜின் புகை, ஆயில் பிரஷர், கிங்பின், பிரேக், டயர் என்று ஒவ்வொன்றாக அவர் முன்னாலேயே கூட்டினோம். வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் புகைக்குப் பயந்து போய்விட்டார்கள் என்று புரோக்கர் வாய் தவறிச் சொல்லியிருந்தார். 1,85,000-க்கு முடிந்தது.

பணம் கொடுக்கும் முன் காகிதம். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, சாக்பீஸ் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். விவசாய டிராக்டருக்குப் பதிவு முதலில் 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 2022-ல் நீட்டித்திருந்தார்கள். ஆனால் ஆர்.சி.யில் பழைய கடன் கொடுத்த கம்பெனியின் எச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவு, அப்படியே நின்றது. கடன் எப்போதோ கட்டி முடித்தாயிற்று, நீக்கத்தான் இல்லை. கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கிக் கொடுத்தால்தான் பாக்கிப் பணம் என்று சொல்லி, முன்பணம் மட்டும் கொடுத்தோம். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அலைந்து நீக்கிக் கொடுத்தார். பிறகு படிவம் 29, 30 போட்டு எங்கள் பெயருக்கு மாற்றினோம். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வண்டி வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்குப் போவதால் படிவம் 28-ல் அங்கிருந்து என்.ஓ.சி. தனியாக. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தது, ரோட்டில் ஏற்றும் முன் அதைப் போட்டோம்.

இன்ஜினைப் பிரித்தது எங்கள் களத்துமேட்டிலேயே. கிராங்க்கின் பேரிங்கைக் கழற்றியதும் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். அதில் அளவு குத்தியிருக்கும். ஸ்டாண்டர்டு என்று இருந்தால் கிராங்க்கில் இதுவரை கை வைக்கவில்லை. இதில் 010. ஆக ஒரு தடவை கிரைண்டிங் ஆகியிருக்கிறது, இனி 020-க்கு இறக்கலாம், அதற்குப் பிறகும் 030 பாக்கி. 030 என்று இருந்திருந்தால் புது கிராங்க் தேட வேண்டியிருக்கும், செலவு எகிறியிருக்கும். வாசலில் நின்று சொல்ல முடியாத ஒரே கணக்கு இதுதான், அதில் தப்பித்தோம். முதல் சிலிண்டர் லைனரின் மேல்பகுதியில் ரிங் நிற்கும் இடத்தில் நகம் சிக்குகிற அளவுக்கு விளிம்பு இருந்தது. புழுதி தின்ற இன்ஜின், வேறெப்படி இருக்கும்?

லேத்தில் பழைய லைனரைத் தள்ளிப் புதிது இறக்கினார்கள். லைனர், பிஸ்டன், ரிங் செட் 14,500. கிராங்க் கிரைண்டிங்கும் பேரிங்கும் 6,200. ஹெட்டில் வால்வு, சீட், கைடு வேலை 4,800. டீசல் பம்ப், நாசில் சோதித்துச் சரிசெய்ய 9,000. கேஸ்கெட், பில்டர், ஆயில் 6,500. கூலி 11,000. மொத்தம் 52,000. அண்ணன் குச்சியால் எழுதியதைவிட இரண்டாயிரம் அதிகம். அந்த வெடித்த ரப்பர் குழாயின் விலை இதில் தனியாகத் தெரியாத அளவுக்குச் சின்னது.

ஓட்டத் தொடங்கியபோது அண்ணன் ஒன்று சொன்னார்: புது ரிங் போட்ட இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்காக விடாதே, பாதி லோடில் உழவு ஓட்டு, அப்போதுதான் ரிங் லைனரோடு பழகும். முதல் சில மணி ஓடியதும் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கினோம், வால்வு டேப்பட் இடைவெளி பார்த்தோம், ஐம்பது மணிக்குள் ஆயிலை மாற்றினோம். இப்போது காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. ஏறும்போது கொஞ்சம் கறுப்புப் புகை அடிக்கும், அது கணக்கில் சேராது.

வண்டியும் இன்ஜின் வேலையும் சேர்த்து 2,37,000 ஆகியிருக்கிறது. டெல்டா வண்டிக்குக் கேட்ட 2,60,000-ஐவிடக் குறைவு. இடது பிரேக் லைனிங் மாற்றியாயிற்று. கிங்பின் புஷ் வாங்கி வைத்திருக்கிறோம், பருத்தி விதைப்பு முடிந்ததும் போட வேண்டும். ஹெட்லைட்டும் சீட்டும் அதற்குப் பிறகு. பெயின்ட் அடிக்கிற யோசனை இப்போதைக்கு இல்லை.